இரண்டு சேலம்

பியூரிட்டன்களின் சேலத்தில் 1692இல் நடந்த சூனியக்காரி வேட்டையை ஆர்தர் மில்லர் 1953இல் நாடகமாக்கினார். அதில் பட்னம் பேசுவது பக்தி. கண்ணோ அண்டை வீட்டானின் நிலத்தின்மீது.

நம் சேலத்துக்கு அருகில் திருச்செங்கோடு. 2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ 2014 டிசம்பரில்தான் ஊரின் மானத்தைப் புண்படுத்தியதாம்! சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்துப் பரப்பப்பட்டன. சாதித் தலைமைக்கு ஆசைப்படுவோர்க்கு முழு நாவல் எதற்கு? பங்காளியும் கடனும் சாதிவழியே கிடைக்கும் பனியன் தொழில் நடக்கிற நம் திருப்பூரில், அவர்களைப் பகைத்துக்கொள்ள எளிதில் எவரும் துணிவதில்லை.

2015 ஜனவரி 12 அன்று, நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்து ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில், பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்பில் கையொப்பமிட்டார். மில்லரின் ப்ராக்டர் கையொப்பமிட்ட தாளைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்குப் போனான். நம் எழுத்தாளரோ கையொப்பமிட்டபின் தம்முள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். அந்த உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது என்று உயர்நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது.