ஆப்பிள் காடி

காடி என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. புளித்த கஞ்சிநீரை நம் முன்னோர் காடி என்றனர்; வேதாகமத்தைத் தமிழாக்கியோரும் திராட்சரசம் புளித்து உண்டாவதற்கு அப்பெயரையே இட்டனர். ஆப்பிள் பழத்தினின்று செய்யப்படும் காடியோ இக்காலத்தில் அடுக்களையை விட்டு மருந்துப் பெட்டியிற் குடியேறிவிட்டது. அதன் தகுதி இன்னதென ஆராய யாம் விழைந்தோம்.

பிழிந்த ஆப்பிள் சாற்றிலுள்ள சர்க்கரையை முதலில் ஈஸ்ட் என்னும் நுண்காளான் மதுசாரமாக மாற்றுகின்றது. பின்னர் வேறொரு வகை நுண்ணுயிர் காற்றின் துணைகொண்டு அதனை அசெட்டிக் அமிலமாக்குகின்றது. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் இவ்வுயிர்களின் தொழிலை ஆராய்ந்து, 1868இல் காடியைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். கடைகளில் விற்கும் காடியில் 100 பங்குக்கு ஏறக்குறைய 5 பங்கே அமிலம். எஞ்சியது பெரும்பாலும் நீர்.

அதன் உபயோகங்கள் மெய்யாகவே பல. அமிலம் மிக்க இடத்தில் அழுகச்செய்யும் கிருமிகள் தழையாவாதலின், காடியில் ஊறிய வெள்ளரியும் வெங்காயமும் நெடுநாள் கெடாதிருக்கும். வெந்நீர்க் கெண்டியின் அடியிற் படிந்த சுண்ணாம்பும் அதிற் கரையும். உணவோடு சிறிது கொள்ளின், உண்டபின் இரத்தத்திற் சர்க்கரை ஏறுவது சற்றே தணிகின்றதெனச் சிறு ஆராய்ச்சிகள் சில கூறுகின்றன.

அந்தச் 'சற்றே' என்னுஞ் சொல்லை மறந்தமையால் எம் குடும்பத்தில் ஒரு துன்பம் நேர்ந்தது. நீரிழிவுடைய எம் பெரிய தந்தையார், அண்டை வீட்டார் ஒருவர் சொற்கேட்டு, மாத்திரையை நிறுத்திக் காலைதோறும் காடியை நீர் கலவாமல் அருந்தலானார். யாம் தடுத்தபோது, "பழச்சாறுதானே தம்பி! பழம் யாரைக் கெடுத்தது?" என்று நகைத்தார். சின்னாளிற் பற்கள் கூசின. காலிற் பட்ட சிறு புண் ஆறாது பெருகிற்று. மருத்துவமனை சென்றவர் ஒரு விரலை இழந்தே இல்லம் மீண்டார்.

இம்மயக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து மருத்துவர் ஜார்விஸ், தேனும் ஆப்பிள் காடியும் பல பிணிகளுக்கு நல்லவையெனப் புகழ்ந்து 1958இல் எழுதிய நூலைப் பெருந்தொகையினர் விரும்பிப் படித்தனர். காடி உடல் எடையைக் குறைக்குமென லெபனான் நாட்டு ஆய்வொன்று 2024இல் கூறிற்று. பத்திரிகைகள் அதனைப் பறைசாற்றின. அதன் கணக்குகள் நம்பத்தக்கன அல்லவெனக் கண்டு, வெளியிட்ட ஆராய்ச்சி இதழே 2025இல் அதனைத் திரும்பப் பெற்றது. முந்திய செய்தி புகுந்த இல்லங்களிலெல்லாம் பிந்திய செய்தியும் புகுந்திருக்குமோ?

மாணவ நண்பர்காள்! காடியை வெறுக்க வேண்டுவதில்லை. அது பற்களுக்கு ஒவ்வாதென்பது நீதிமொழிகளின் ஆசிரியரும் அறிந்த உண்மை. ஆதலின் நீர் கலந்து, உணவோடு, அளவறிந்து கொள்க. மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவர்க்கே உரியன. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், பெரியோர் அலமாரியில் அக்குப்பியைக் காணின், அருகில் மாத்திரையும் இருக்கின்றதா என்று அன்போடு கேளுங்கள். நாம் கற்ற இரசாயனம் அவ்வளவிலேனும் நம் வீட்டுக்குப் பயன்படுக.