கியோட்டோவின் அளவில் ஓர் உலகம்

அன்புள்ள தோழிக்கு,

கியோட்டோவில் காலையிலிருந்து மழை. அறையை விட்டு நகர முடியவில்லை, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் மகள் தன் பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியை உன்னிடம் விட்டுவிட்டுக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், அதில் எதை விளையாடலாம் என்று கேட்டிருந்தாய். இந்த மூன்று வாரமும் ரயிலிலும் விடுதியிலும் அதே கருவிதான் என் துணை. கோயில்களைப் பற்றி நேரில் வந்து சொல்கிறேன். இது கேம்களுக்கான கடிதம்.

நேற்று அலுவலகத் தோழியோடு உஜி போனேன். கியோட்டோவுக்குத் தெற்கே, தேயிலைக்குப் பேர்போன ஊர். 10 யென் நாணயத்தில் பொறித்திருக்கும் பியோதோ-இன் கோயில் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் போனது 2024 அக்டோபரில் திறந்த நின்டெண்டோ அருங்காட்சியகத்துக்கு. நுழைவுச்சீட்டு குலுக்கலில் கிடைத்தது. 1889-இல் கியோட்டோவில் ஹனாஃபுதா என்னும் பூச்சீட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் நின்டெண்டோ. மாதத்துக்கு ஒரு செடி, செடிக்கு 4 சீட்டு, ஆக 48. அருங்காட்சியகம் இருக்கும் கட்டடமே அவர்களுடைய பழைய தொழிற்சாலைதான். உள்ளே விளையாட ஆளுக்கு 10 காசு நம் கணக்கில் போட்டுத் தருகிறார்கள். எல்லாவற்றையும் ஆட அது போதாது. எதை ஆடுவது, எதை விடுவது என்று நின்று யோசித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு பேர் சேர்ந்து இயக்கும் ராட்சத கன்ட்ரோலரில் அவள் குதிக்க, நான் ஓட, மாரியோவைக் கொஞ்ச தூரம் கொண்டு சேர்த்தோம்.

உனக்கு நான் முதலில் சொல்வது 'செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்'. 2017-இல் வந்தது. அதை இயக்கிய ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி கியோட்டோக்காரர். கேமின் உலகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அறிய, கியோட்டோ வரைபடத்தை அந்த உலகத்தின் மேல் வைத்துப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். தனக்கு நடந்து பழகிய தூரங்களைக் கொண்டு ஒரு கற்பனை நாட்டை அளந்திருக்கிறார். இங்கே ஆற்றங்கரையில் நடக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்தது. கண்ணுக்குத் தெரியும் மலை எதிலும் ஏறலாம். மழை பெய்தால் பாறையில் கை வழுக்கும், ஒதுங்கி நின்று காத்திருக்க வேண்டும். கத்தி உடைந்து போகிறது என்று பலரும் குறை சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். உடைவதால்தானே கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கக் கற்கிறோம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒளிந்திருக்கும் 900 கொரோக் விதைகளைத் தேடி அலையாதே. வழியில் கண்ணில் படுகிறவை போதும்.

'செலஸ்ட்' (2018) மலையேறும் ஒரு பெண்ணின் கதை. நூறு முறை விழுவாய், விழுந்த நொடியே அந்தத் திரையின் தொடக்கத்தில் மறுபடி நிற்பாய். விரல் வேகம் போதவில்லை என்றால் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். தயங்காமல் குறைத்துக்கொள். 'ஸ்டார்டியூ வேலி'யை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துச் செய்தார், அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் விதைத்து, நீர் ஊற்றி, விற்று, மறுநாள் அதையே செய்வதில் என் மனம் ஒட்டவில்லை. உனக்குத் தோட்டப் பைத்தியம் உண்டு, உனக்குப் பிடிக்கக்கூடும்.

டோக்கியோவில் பழைய எந்திரங்கள் வைத்திருக்கும் ஒரு கடையில் 100 யென் போட்டு 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆடினேன். டோமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் செய்தது. வரிசைக்கு 11 வீதம் 5 வரிசையாக 55 எதிரிகள் இறங்கி வருவார்கள். குறையக் குறைய அவர்கள் வேகம் கூடும், கூடவே அந்த நாலு சுர ஒலியும் நெஞ்சுத் துடிப்பு போல விரைவாகும். அந்த வேகம் திட்டமிட்டு வைத்ததல்ல. 55 உருவங்களையும் நகர்த்த அந்தக் காலத்துச் சிப் திணறியது. சுமை குறைந்ததும் தானாக விரைந்தது. நிஷிகாடோ அதை அப்படியே இருக்க விட்டுவிட்டார். எந்திரத்தின் பலவீனத்தில் ஆட்டத்தின் உயிர் இருப்பதைக் கண்டுகொண்டாரே, அதைத்தான் நான் கலைஞனின் கண் என்பேன்.

'வெண்பா'வை ரயிலில் ஆடியது தப்பு. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. டொரண்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023-இல் வெளியிட்டது. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, பாவலன் தம்பதி, அவர்கள் மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்த சமையல் நோட்டில் எழுத்துகள் அழிந்து போயிருக்கின்றன, அழிந்த இடத்தை நாம் ஊகித்து நிரப்ப வேண்டும். முதல் புதிரே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும்? உனக்கும் எனக்கும் கை பழகிய காரியம். கவின் வளர வளர அம்மாவின் தமிழ் அவனுக்கு எட்டாமல் போகிறது. பின்னால் அவனே அடுப்படியில் நின்று அம்மாவின் குறிப்பைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் இடம் வரும். ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. இன்னும் கொஞ்சம் சமைக்க விட்டிருக்கலாம் என்பது மட்டுமே என் குறை.

எல்லாவற்றையும் விட மனதைப் பிடித்துக்கொண்டது 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. ஜப்பானில் வாழும் லூகாஸ் போப் என்ற அமெரிக்கர் 2018-இல் வெளியிட்டது. 1802-இல் புறப்பட்டுக் காணாமல் போன ஒரு வணிகக் கப்பல், 1807-இல் உயிருள்ள ஒருவரும் இல்லாமல் இங்கிலாந்துக் கரைக்கு வந்து சேர்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய ஆய்வாளர் நீ. பிணத்தருகே ஒரு கடிகாரத்தைத் திறந்தால், கடைசியாகக் காதில் விழுந்த பேச்சு கேட்கும், பிறகு அந்த மனிதர் செத்த கணம் சிலையாக உறைந்து நிற்கும். பழைய மேகின்டோஷ் திரை போல இரண்டே நிறம். 60 பேர். யார், எப்படிச் செத்தார், யார் கையால்? தூங்கும் தொட்டிலில் எழுதிய எண், உடுப்பு, பேச்சின் சாயல், யாரோடு யார் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துத் துப்புத் துலக்க வேண்டும். மூன்று பேருக்குச் சரியாக எழுதினால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். இந்திய மாலுமிகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தபோது ஒரு கடமையை முடித்த நிறைவு வந்தது.

எனக்குப் பிடித்தவை எல்லாம் பார்ப்பதை என்னிடமே விட்டவை. அம்புக்குறி காட்டி இழுத்துப் போகும் கேம்களை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். போனில் இலவசம் என்று சொல்லி உள்ளே இழுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பணம் கேட்ட ஒன்றை அன்றே நீக்கினேன். குழந்தைகளிடம் அதைக் கொடுப்பது அநியாயம்.

'வெண்பா'வை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆடிவிடு, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். 'ஓப்ரா டின்' தொடங்கும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள். முடிக்கும்வரை இணையத்தில் ஒரு பெயரைக்கூடத் தேடாதே. சிக்கினால் எனக்கு எழுது. விடையைச் சொல்லமாட்டேன், எந்த மூலையில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி