மலை மேல் ஒரு 'ஒண்ணுமில்லே'

'ஒண்ணுமில்லே' என்ற வார்த்தையை நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! தலையை வலித்தாலும் ஒண்ணுமில்லே, இடுப்பு விட்டுப் போனாலும் ஒண்ணுமில்லே. சமையற்கட்டில் அது எப்படியோ செல்லுபடியாகி விடுகிறது. பதினாலாயிரம் அடி உயரத்தில் செல்லாது. 2022 ஜூன் மாதம் மணாலியிலிருந்து லே வரை மோட்டார் சைக்கிளில் போனபோது அதைக் கண்ணால் பார்த்தேன்.

நாங்கள் நாலு சிநேகிதிகள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். வாடகைக்கு எடுத்த இரண்டு புல்லட் வண்டிகள். 1955-இல் சென்னையில் தயாரிக்க ஆரம்பித்த வண்டியாயிற்றே! இமயமலையில் அதைப் பார்த்தபோது ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒன்றை நான் ஓட்டினேன். என் பின்னால் உட்கார்ந்து வந்தவள்தான் எங்களில் ஆரோக்கியசாலி. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பாள். பிளட் பிரஷர், சர்க்கரை எதுவும் கிடையாது.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். அங்கிருந்து கிளம்பி, 2020 அக்டோபரில் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப் பாதையில் நுழைந்தோம். ரோதாங் கணவாய் ஏறாமலே லாஹூல் பள்ளத்தாக்குக்கு வந்துவிடலாம். பைன் மரக் காடுகள் போய் மொட்டை மலைகள் ஆரம்பமாகிவிட்டன. தாண்டி என்ற ஊரில் சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கூடி செனாப் ஆகின்றன. அங்கே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கினோம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பாராலாச்சா கணவாய். ஏறக்குறைய 4,890 மீட்டர். சாலையின் இரண்டு பக்கமும் பனி சுவராக நின்றது. பகல் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் சாலையின் குறுக்கே பெருகும். அதனால் இந்தப் பாதையில் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும். வண்டிக்கே மூச்சு வாங்கியது. அதற்கும் காற்று வேண்டுமல்லவா?

கணவாயில் இறங்கிப் படம் எடுத்தபோது அவள் மட்டும் வண்டியை விட்டு நகரவில்லை.

"என்னடி, ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லேடி. வெயில் தலைவலி."

மத்தியானம் சர்ச்சு வந்து சேர்ந்தோம். 4,290 மீட்டர், கூடாரங்கள்தான் தங்குமிடம். ராத்திரி சூடான சாதமும் பருப்பும் போட்டார்கள். அங்கே தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் சமையலே கிடையாது. காற்றழுத்தம் குறைந்தால் பருப்புக்கு அந்தக் கதி. நமக்கோ ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு குறைந்துவிடுகிறது.

அவள் தட்டைத் தொடவே இல்லை. நாங்கள் கவனிக்கும் முன் கூடாரக்காரர் கவனித்துவிட்டார். "தீதி, தலை வலிக்கிறதா? வாந்தி வருகிறதா? உண்மையைச் சொல்லுங்கள்" என்றார். அப்போதுதான் வாயைத் திறந்தாள். காலையிலிருந்தே மண்டையைப் பிளக்கும் வலி, குமட்டல். வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரும் குடிக்கவில்லை. "என்னால உங்க எல்லோர் பிரயாணமும் கெடக்கூடாதேன்னு பேசாம இருந்தேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாம் எல்லோரும் வீட்டில் சொல்கிற வார்த்தைதானே!

அவர் அவளை ஒரு கோட்டின் மேல் அடிக்கு அடி வைத்து நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தாள். "தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ மூளையில் வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, இருமல் வந்தாலோ நுரையீரலில் நீர். அப்படியிருந்தால் இந்த நிமிஷமே கிளப்பியிருப்பேன்" என்றார்.

சர்ச்சுவில் ஒரு சங்கடம் உண்டு. கீழே இறங்க வேண்டுமானால் முதலில் மேலே ஏற வேண்டும். திரும்பினால் பாராலாச்சா, முன்னால் போனால் அதைவிட உயரமான கணவாய்கள். ராத்திரி முழுவதும் சிலிண்டரிலிருந்து பிராணவாயு கொடுத்தோம். தூங்காமல் முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். விடிந்ததும் முகமூடியோடு ஜீப்பில் ஏற்றினோம். துணைக்கு ஒருத்தி, நாங்கள் இருவர் வண்டிகளில் பின்னால். கணவாய் தாண்டிக் கீழே இறங்க இறங்க முகம் தெளிந்தது. கேலாங் வந்ததும் "பசிக்குதுடி" என்றாளே, அந்த வார்த்தையைக் கேட்டு நான் அழுதேவிட்டேன்.

அங்கே பார்த்த டாக்டர் சொன்னார்: "இதற்கும் வயசுக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை. நடைப்பயிற்சி செய்கிறவர்களுக்கும் வரும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் இருப்பது நல்லது. இந்தப் பாதையில் அது முடியாது. அதனால் கீழே நாள் கூட்டித் தங்க வேண்டும். உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும், அவகாசம்தான் கேட்கும்."

மூன்று நாள் அவகாசம் கொடுத்தோம். வலி அடியோடு போனதும், டாக்டர் சம்மதித்த பிறகு மறுபடி ஏறினோம். அதே சர்ச்சுவில் இந்தத் தடவை அவள் இரண்டாம் தரம் சாதம் கேட்டாள். மறுநாள் காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், லாச்சுங் லா, பிறகு 5,300 மீட்டரைத் தாண்டிய தங்லாங் லா. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. சாயந்திரம் லே.

மலைக்குப் போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். உயரம் ஏறிய பின் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வந்தால் உயரத்தால் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு மேலே ஏறாதீர்கள். கூடினால் இறங்குங்கள், இறங்குவதுதான் மருந்து. தூக்க மாத்திரையும் மதுவும் கூடாது. முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை உண்டு. அதை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அவரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளும், இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களும் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பவே வேண்டாம். வழியில் கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். இரண்டு பேர் சால்வையைப் பிடித்தால் போதும், மறைவு கிடைத்துவிடும்.

அந்த இரண்டாம் பயணத்தில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். இரண்டு மணிக்கொரு தடவை வண்டியை நிறுத்தி, "தலை எப்படி? வயிறு எப்படி?" என்று ஒருவரை ஒருவர் கேட்போம். 'ஒண்ணுமில்லே' என்ற பதிலை ஏற்பதில்லை. 'வலிக்குது', 'வலிக்கலே' இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறோம். போன மாதம் ஒருத்தி, "முழங்கால் வலிக்குதுடி" என்று தானாகவே சொன்னாள்.