மலைத்தீவுகளில் – 4: சருகுக்குள் ஒரு பாட்டு

வத்தலக்குண்டிலிருந்து ஏறிய பேருந்து எங்களைக் கொடைக்கானலில் இறக்கிவிட்டதோடு போன இதழில் நிறுத்தியிருந்தேன். மறுநாள் சித்திரைக் காலை, ஐந்தரை மணி. ஊர் இன்னும் கம்பளிக்குள் கிடந்தது. பாம்பே சோலையின் ஓரத்தில் உடன் வந்த உள்ளூர்ப் பெரியவர் கையமர்த்தினார்.

“நில்லுங்க தம்பி. இனிமே நாம பேச வேணாம்.”

இருட்டுப் புதருக்குள்ளிருந்து சீழ்க்கை ஒன்று கிளம்பியது. முதலில் தயங்கித் தயங்கி. பிறகு ஏறி, இறங்கி, பின்னிப் பிணைந்து நீண்டது. ஐந்து நிமிடமாவது கேட்டிருப்போம். வெளிச்சம் வந்ததும் பாடகரே பாதைக்கு வந்தார். சிட்டுக்குருவியளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளக் கால்கள். கருநீல மேனி, நெற்றியில் வெளிர்நீலக் கோடு, வெள்ளை வயிறு. இரண்டு தத்து, ஒரு நிறுத்தம். ஓர் இலையைப் புரட்டி, அடியிலிருந்த புழுவைக் கொத்தி, மறுபடியும் புதருக்குள் மறைந்தது.

இதுதான் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. பச்சைக்கிளிக்கும் இதற்கும் உறவில்லை. மலையாளத்தில் எந்தச் சிறு பறவையும் கிளிதான். 1868இல் பிளான்ஃபோர்டு இதற்கு அறிவியல் பெயரிட்டார். வெகுகாலம் இமயமலைப் பறவைகளோடு சேர்த்தே எண்ணப்பட்டது. 2017இல் மரபணு ஆய்வு செய்த வி.வி. ராபினும் குழுவினரும், இது மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரிய தனிப் பேரினம் என்று காட்டி, ‘ஷோலிகோலா’ என்று பெயர் வைத்தார்கள். சோலைவாசி என்று பொருள். நம் சொல் ஒன்று அறிவியல் பெயராகிவிட்டதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியில் இதன் உறவு ஒன்று இருக்கிறது. அதற்கு வயிற்றோரம் செம்பழுப்பு. நடுவே உள்ளது சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அது வெப்பச் சமவெளி. குளிர்ந்த உயரம் விட்டு இறங்காத இந்தப் பறவைகளுக்கு அது கடல். பல லட்சம் ஆண்டுகளாக அவை தனித்தனியே வாழ்கின்றன.

மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசியும் வேர்நாரும் வைத்துக் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டு முட்டை. இரையெல்லாம் தரையிலும் தாழ்ந்த புதரிலும்தான். திரும்பும்போது பாதையோரத்து ஈரச் சருகைக் காட்டிப் பெரியவர் சொன்னார்: “வர்றவங்க இதைக் குப்பைங்கிறாங்க. கூட்டிச் சுத்தமாக்கணுமாம்.”

அந்தச் சருகுதான் அதன் சாப்பாட்டு இலை. அந்தப் புதர்தான் அதன் வீடு. மரங்களை மட்டும் விட்டுவிட்டு அடியைச் சுத்தமாக்கினால் பார்வைக்குச் சோலை இருக்கும், பாட்டு இருக்காது. இறங்கிப்போய் வேறு மலை தேட அதற்கு வழியுமில்லை. தயவுசெய்து சோலைக்குள் போகிறவர்கள் சருகைச் சருகாகவே விட்டுவிடுங்கள்.

அடுத்து, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம். அங்கும் ஒரு சோலைக்கிளி பாடுகிறது.

(பயணம் தொடரும்)