ஊர்பேர் தெரியாதவர்களுக்கு நான் அனுப்பிய குப்பை

திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தங்கும் விடுதிக்கு மின்னஞ்சல் சர்வர் அமைத்துக் கொடுத்தவன் நான். அந்த விடுதியோடு எந்தத் தொடர்பும் இல்லாத எத்தனையோ பேரின் பெட்டியில் அந்த சர்வர் குப்பை கொட்டியது. காரணம் என் சோம்பல். அதைவிடக் கேவலம், அதை மறைக்க நான் சொன்ன பொய்.

2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. விடுதிக்குள் இருந்த சர்வர் அடிக்கடி படுத்துவிடும். அதனால் சென்னையில் ஒரு பேக்கப் சர்வரை வாடகைக்கு எடுத்தேன். கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவில் விடுதி சர்வருக்கு 10, பேக்கப்புக்கு 20. சிறிய எண்ணுக்குத்தான் கடிதம் முதலில் போக வேண்டும். ஸ்பேம் அனுப்புகிறவர்களோ வேண்டுமென்றே பெரிய எண்ணைத் தேடி வருவார்கள். அங்கே காவல் குறைவாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

என் பேக்கப்பில் காவலே இல்லை. அதில் ஓடிய போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் 'ரிலே ரெசிபியன்ட் மேப்ஸ்' என்று ஒன்று உண்டு. விடுதியில் யார் யாருக்கு முகவரி இருக்கிறது என்ற பட்டியலை அதில் கொடுக்க வேண்டும். காலியாக விட்டால் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும். காலியாக விட்டேன். தெரியாமல் இல்லை. ஆள் மாறும்போதெல்லாம் இரண்டு இடத்தில் திருத்த வேண்டுமே என்ற அலுப்பு.

விளைவு, இல்லாத பெயருக்கு வந்த ஸ்பேமையும் பேக்கப் வாங்கி வைத்தது. கரண்ட் வந்ததும் விடுதி சர்வரிடம் நீட்டியது. அது 550, அதாவது அப்படி ஒரு முகவரி இல்லை என்று மறுத்தது. வாங்கிய கடிதத்துக்கு வாங்கியவரே பொறுப்பு என்பது மின்னஞ்சல் அனுப்பும் முறையான எஸ்.எம்.டி.பி.யின் விதி. ஆகவே பேக்கப், 'சேரவில்லை' என்று அனுப்புநருக்குத் திருப்பி எழுதியது. அனுப்புநர் முகவரியோ போலி. யாரோ ஒருவருடையதைத் திருடிப் போட்டது. வாங்குவதற்கு முன்பே வாசலில் 550 சொல்லியிருந்தால் எங்களிடமிருந்து ஒரு கடிதமும் கிளம்பியிருக்காது. 2003 ஆகஸ்டில் சோபிக்-எஃப் வைரஸ் போலி முகவரிகளோடு பரவியபோதே இந்தத் துறையில் இருப்பவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

ஒரு பள்ளி ஆசிரியை எழுதிக் கேட்டார்: உங்கள் விடுதிக்கு நான் எழுதியதே இல்லை, எனக்கு ஏன் இத்தனை அறிவிப்புகள்? உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கும், பாருங்கள் என்று பதில் போட்டேன். போடுவதற்கு முன்பே சர்வரின் பதிவேடான லாக்கைத் திறந்து பார்த்திருந்தேன். அனுப்பியது எங்கள் பேக்கப்தான்.

கார்த்திகை தீபம் நெருங்கும்போது பேக்கப்பின் ஐ.பி. முகவரி ஸ்பேம் தடைப்பட்டியலில் ஏறியது. கரண்ட் இல்லாத நேரத்தில் முன்பதிவு உறுதிக் கடிதங்களும் அதன் வழியாகத்தான் போகும். அவை போய்ச் சேரவில்லை. அறை உண்டா இல்லையா என்று தெரியாமல் வெளியூர்க்காரர்கள் போனில் தவித்தார்கள். மேலாளர் கேட்டதற்கு, "சென்னையில ஏதோ கோளாறு சார்" என்றேன்.

கடைசியில் பேக்கப்புக்கு முகவரிப் பட்டியலைக் கொடுத்தேன். அந்த வேலை ஒரு மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பிற்பாடு பேக்கப்பையே எடுத்துவிட்டேன். சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்புகிற பக்கமே நாலைந்து நாள் விடாமல் முயல வேண்டும் என்று எஸ்.எம்.டி.பி.யின் விதி ஆவணமான ஆர்.எஃப்.சி. 5321 சொல்கிறது. எங்கள் மின்வெட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். ஆசிரியைக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மற்றவர்களுக்கு எழுதவில்லை. அவர்கள் முகவரியெல்லாம் அந்த லாக்கில்தான் இருந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முன்பே அதை அழித்திருந்தேன்.