தேர்ச்சி பெற்றோம், மொழி கற்றோமா?

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் விருதுநகர் மாவட்டத்தின் தேநீர்க் கடைகளில் ஒரே வினாதான் எழும்: "நம்ம மாவட்டம் எத்தனாவது இடம்?" 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பின், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்ட மண் இது. இடையில் நழுவிய அவ்விடத்தை 2023இல் 97.85 விழுக்காட்டுடன் மீண்டும் எட்டியது. வானம் பார்த்த கரிசலில், தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுத் திரி திரித்தும் வளர்ந்த ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்துப் பெற்ற வெற்றி இது. இதில் நாம் கொள்ளும் பெருமை நியாயமானதே.

ஆயினும், இம்மாவட்டத்துப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த நமக்கு ஒரு கவலை உண்டு. 2022ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலம் முழுவதும் 47,055 மாணவர்கள் தமிழ்ப் பாடத்தில் தேர்ச்சி பெறவில்லை. தாய்மொழியிலேயே இத்தனை பேர் தவறினார்களே என்று அன்று நாடே வியந்தது. தவறியவர்களைப் பற்றியேனும் எல்லாரும் பேசினார்கள். தேர்ச்சி பெற்றும் மொழி கல்லாதவர்களைப் பற்றிப் பேசுவார் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சிவகாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் தன் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். பட்டாசு ஆலையில் நேர்ந்த தீ விபத்தில் கணவரின் வலக்கை கருகிப்போயிருந்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் உதவி கேட்டு ஒரு மனு அளிக்க வேண்டும். "ஐயா, இவன் தமிழ்ல தொண்ணூத்திரெண்டு மார்க்கு. ஒரு மனு எழுதித் தாடான்னா முழிக்கிறான்" என்றார் அவர். பையனிடம் கேட்டோம். தெருவிளக்குப் பழுதை நீக்கக் கோரி மின்வாரியத்துக்கு எழுதும் விண்ணப்பத்தை அனுப்புநர், பெறுநர், ஐயா, இப்படிக்கு என்று ஒரு பிழையின்றி ஒப்பித்தான். தன் தந்தையின் கையைப் பற்றி எழுத அவனிடம் ஒரு வரி இல்லை. நாம் கேள்வி கேட்கக் கேட்க, அவன் சொல்லச் சொல்ல, அவன் கையாலேயே மனு உருவாயிற்று. முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

அவன் சோம்பேறி அல்லன். பள்ளி அவனிடம் எதைக் கேட்டதோ அதைக் குறைவறக் கொடுத்தவன். முக்கிய வினாக்கள், மாதிரி விடைகள், உரைநூல்கள் என்னும் மூன்றுக்குள் மொழிப்பாடம் சுருங்கிவிட்டது. மேனிலை வகுப்பிலோ நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. பொறியியல் சேர்க்கைக்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் போதும். மருத்துவத்துக்கு நீட் தேர்வு. மொழியில் பெறும் மதிப்பெண் எந்தக் கதவையும் திறப்பதில்லை. ஆகவே தேர்வுக்கு முந்திய இரண்டு நாட்கள் தமிழுக்குப் போதும் என்று பிள்ளைகள் கணக்கிடுகிறார்கள்.

2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. அதற்கு மேல், மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்று பிரெஞ்சு மொழிக்கு மாறுவோரும் உளர். அயல்மொழி கற்பது குற்றமன்று, நன்றே. ஆனால், ஈராண்டு பிரெஞ்சு படித்து நூற்றுக்கு நூறை நெருங்கிய பிள்ளை, பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் நாலு வார்த்தை பேச அஞ்சுகிறது. தமிழை விட்டதற்கு ஈடாக அங்கும் ஒரு மொழி கிடைக்கவில்லை. எம்மொழியாயினும் மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்றால் தேர்வறை வாசலோடு விடைபெற்றுக்கொள்கிறது.

இங்கு இத்தாலியர் ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். 1680இல் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, முப்பது வயதளவில் தமிழகம் வந்தார். நம் மாவட்டத்துக்குத் தெற்கே, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியிலும் பணி செய்தார். பிற்காலத்தில் தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர் அவரே. அவர் தமக்குப் பின் வருவோருக்காகக் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் எழுதினார். பேச்சுத் தமிழ் அறிந்தவர் அதனாலேயே எழுத்துத் தமிழ் அறிந்தவராகார் என்பதைக் கண்டுகொண்ட அறிவு அது. வீட்டில் பேசும் மொழிதானே, தானாக வந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். தானாக வருவது பேச்சு. எழுத்தைக் கற்பித்தே ஆக வேண்டும்.

இன்று அதே இத்தாலிக்கு நம் ஊர்களிலிருந்து அருள்சகோதரிகள் செல்கிறார்கள். சில திங்களில் இத்தாலியம் பேசவும் படிக்கவும் பழகிவிடுகிறார்கள். முதியோர் இல்லத்தில் நோயாளி சொல்லும் வலியை அறிந்தாக வேண்டும். மருந்துச் சீட்டைப் படித்தாக வேண்டும். தேவை அங்கே ஆசிரியராய் நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கும் தமிழின் தேவை இல்லாமற் போகவில்லை. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் இப்போது கட்டாயம். அதனினும் பெரிய தேவைகள் பட்டாசுக் கூடத்தின் எச்சரிக்கைப் பலகையிலும், இழப்பீட்டுப் படிவத்திலும், அலுவலகத்திலிருந்து வரும் ஓலையிலும் உள்ளன.

செய்யத்தக்கவை அரியன அல்ல. வாரம் ஒரு நாள், எந்த உரைநூலிலும் இல்லாத வினா ஒன்றை ஆசிரியர் கேட்கட்டும்: உன் தெருவைப் பற்றி எழுது, உன் தாயின் ஒரு நாள் வேலையை எழுது. பிழைகளைத் திருத்தும் முன், எழுதியதைப் படித்து ஒரு சொல் பாராட்டட்டும். வீட்டில் நாளிதழின் ஒரு செய்தியைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டி கேட்கட்டும். பங்கு நூலகத்தின் பூட்டு ஞாயிறுதோறும் திறக்கப்படட்டும்.

நாடெங்கும் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளையும் பிள்ளைகள் சுமக்கும் ஏடுகளையும் அச்சிட்டுத் தரும் ஊர் சிவகாசி. வெற்றுத்தாளுக்கு இங்கே பஞ்சமில்லை. அதில் தன் வீட்டுத் துயரைத் தன் சொல்லால் எழுத வல்ல பிள்ளைகளை வளர்த்தெடுத்தால், நம் மாவட்டம் பெறும் முதலிடத்துக்கு முழுப்பொருள் உண்டாகும்.