நாலு நிமிஷப் பெட்ரோல்

பி.காம். படிக்கிறவனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பெரியப்பா பையன் அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். போன ஞாயிறு போனில் ஒரு கணக்குக் கொடுத்தான்.

செஸ்னா 172. காற்றில்லாவிட்டால் மணிக்கு 110 நாட்டிக்கல் மைல். மணிக்கு 9 காலன் குடிக்கும். டேங்க் கொள்ளளவு 56 காலன், அதில் நமக்கு உதவுவது 53 தான். (மீதி 3 அடியில் தங்கிவிடும். பைக்கில் திருப்பிவிடுகிற ரிசர்வ் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், இது எஞ்சினுக்கு வந்தே சேராது.) 270 மைல் போய், அங்கே பெட்ரோல் போடாமல் பகலிலேயே திரும்ப வேண்டும். முடியுமா?

காஸ்ட் அக்கவுன்டிங்கில் இதைவிடக் கஷ்டமானதெல்லாம் பார்த்தவனாச்சே! போக வர 540 மைல், 4 மணி 55 நிமிஷம், 44 காலன் சொச்சம். கிளம்ப, ஓடுபாதை வரை உருள ஒன்றரை. மீதி 7 காலன், அதாவது முக்கால் மணி நேரத்துக்கு மேல். பகலில் அரை மணி நேரத்துக்குக் கையிருப்பு வேண்டும் என்பதுதான் அந்த ஊர்ச் சட்டம். "தாராளமா போலாம்ணா" என்றேன்.

"போறப்ப 40 நாட் எதிர்க்காத்துடா."

"திரும்பறப்ப அதே காத்து தள்ளிவிடுமே. 70-ம் 150-ம், சராசரி 110. சரியாப் போச்சு."

சிரித்தான். "போட்டுப் பாரு."

போட்டேன். 70-ல் போக 3 மணி 51 நிமிஷம். 150-ல் வர 1 மணி 48 நிமிஷம். மொத்தம் 5 மணி 39 நிமிஷம்! எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம்தான் அதிகம். காற்று கொடுத்துவிட்டு எடுப்பதில்லை, வட்டியோடு பிடுங்குகிறது. 53-ல் மிஞ்சுவது அரைக் காலன் சொச்சம். நாலு நிமிஷம். மேலே ஏறும்போது எஞ்சின் கூடுதலாகக் குடிப்பதைச் சேர்த்தால் அந்த நாலும் இல்லை.

"நானும் இதே 110-ஐத்தான் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்ட்ரக்டர் ஒண்ணுமே சொல்லலை, அடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு" என்றான். அதிலிருந்து டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு அளந்த பிறகுதான் ஏறுகிறானாம். முள் காட்டுவதை மட்டும் நம்புவதில்லை.

சனிக்கிழமை தனியாகப் பறக்கப் போகிறான். பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்குக் காற்று எவ்வளவு என்று எனக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.